கிணற்றுக்குக் கால் வைத்தவர்

“...ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் களப்பு. ரெண்டு உப்புக்கும் நடுவுல இந்தக் கெணறு மட்டும் இளனித் தண்ணி. ஏன்? எங்கட ஆக்களுக்கு மண்ணோட கதைக்கத் தெரியும். நீங்க குடிக்க முந்தி நான் குடிச்சுக் காட்டுறன், பாருங்க” என்று சொல்லி, என் கணவரின் நானா, மூத்த அண்ணன், கிளாஸைக் கையில் தூக்கினார்.

எதிரே பாயில் ஆறு பேர் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்குழிப் பக்கத்து விடுதி ஒன்றில் தங்க வந்தவர்கள். நாலு பேர் வெள்ளைக்காரர், ரெண்டு பேர் கொழும்பு. அவர்கள் கையிலும் ஆளுக்கொரு கிளாஸ். என் மகள் பக்கத்தில் நின்று, அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் தன் பள்ளிக்கூட இங்கிலீசில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுதிக்காரர் தன் கிளாஸை மடியில் வைத்துக் கதிரையில் சாய்ந்து, நூறாவது தடவை கேட்கும் கதைக்கு முதல் தடவை போலத் தலையாட்டினார். கிணற்றடியில் மோட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நான் குசினி வாசலில் வெறும் கூசாவோடு நின்றேன். அந்த மண் கூசாவில் அன்றைக்கு என்ன தண்ணீர் இருந்தது என்பது அந்த வளவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிளாஸ் அவர் வாய்க்குப் போவதற்குள் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றி யாராவது கதைத்தால் அவர் எவ்வளவு நேரமும் பொறுத்திருப்பார்.

எனக்கு அவர் மச்சான் முறை. இருபது வருசத்துக்கு மேல் வளைகுடாவில், குளிரூட்டிய களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறவர்களை மேய்த்தார். அங்கே மூன்று வேளையும் பொரித்த கோழியும் டின் மீனும் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் மாதம், சீனி வருத்தம் இருக்கிறது, சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மச்சான் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. தானே டாக்டராகிவிட்டார். அன்றிலிருந்து குரக்கன், முருங்கை, வல்லாரை, மண்சட்டி என்று ஒரே பிரசங்கம். சோறு சாப்பிடுகிறவனைக் கண்டால், சுருட்டுப் பிடிக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

நாங்கள் முருங்கையும் வல்லாரையும் அவர் பிளேன் ஏற முந்தியே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதை யாரும் ஒரு செய்தியாகச் சொன்னதில்லை.

அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவு, ஒரே கிணறு. முக்கால் ஏக்கர் மணல். மணல் என்றால் கால் வைத்த இடத்தில் கணுக்கால் வரை இறங்கும் மணல். அதிலே சாணியும் மீன் கழிவும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் போட்டு, நானும் என் கணவரும் கறுப்பாக ஒரு மண்ணைக் கிளப்பி வைத்திருந்தோம். பயற்றங்காய், கத்தரி, பொன்னாங்காணி, மிளகாய், பாவக்காய்ப் பந்தல், கிணற்றடியில் ஒரு தேசி மரம். காலையிலும் அஸர் தொழுகைக்குப் பிறகும் ரெண்டு கையிலும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே ஓடுவோம். ஓடத்தான் வேண்டும், நின்று ஊற்றினால் மணல் ஓர் இடத்திலேயே எல்லாவற்றையும் குடித்துவிடும்.

சுற்றியிருக்கும் வெங்காயத் தோட்டக்காரர் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சந்தைக்குப் போகிற வெங்காயம் அவர்கள் அடுப்புக்குப் போகாது. வேலியோரம் வீட்டுக்கென்று தனியாக ரெண்டு பாத்தி, அதற்கு மருந்து அடிக்க மாட்டார்கள். “அது சந்தைக்கு, இது எங்கட புள்ளையளுக்கு” என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்றாலும் அவர்கள் அந்த ரெண்டு பாத்தியைக் காட்டி யாருக்கும் பிரசங்கம் வைப்பதில்லை. மச்சானைப் பார்த்த பிறகு எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

விடுதிக்காரர் எங்கள் வளவுக்குள் எப்படி நுழைந்தார் என்று கேட்டால், மச்சானின் வாய் வழியாகத்தான். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ரெண்டு பேரும் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி, உட்கார்ந்திருக்கிறார்கள். சோறு முடிவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கிழமைக்கு ரெண்டு நாள், விடுதியில் தங்குகிறவர்கள் எங்கள் வளவுக்கு வந்து தோட்டம் பார்த்து, பாயில் உட்கார்ந்து, ‘ஆரோக்கியச் சாப்பாடு’ சாப்பிடுவார்கள். மச்சான் பேசுவார். சமைப்பது யார் என்ற கேள்வியே அந்தச் சஹனில் எழவில்லை.

சமைத்தது நான். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல், பாவக்காய்ச் சம்பல், மீன் ஆணம். மச்சான் ஒரு தேங்காயைத் திருவி நான் கண்டதில்லை. அவர் தொட்ட ஒரே சமையல் சாமான் அகப்பை. அதுவும் யாராவது படம் எடுக்கும்போது.

அதையும் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது அவர் சொன்ன கதைகளைத்தான்.

நான் பள்ளிக்கூடம் போனது ஏழாம் வகுப்பு வரைக்கும். மீதியை ஆட்களின் வாயில் படித்தேன். நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால், தேசிக்காய் மிட்டாய் போல வீடு வரும் வரைக்கும் வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டு வருவேன். பாலாவிச் சந்தியில் ஒரு லொறிக்காரர், பீற்றிக்கொண்டு நின்ற இன்னொருவரைப் பார்த்து, “ஹோன் பெரிசுதான், லோடு இல்ல” என்று சொன்னதைக் கேட்டு வந்து ஆறு வருசம் இருக்கும். இன்னும் கரையவில்லை.

மச்சான் அப்படிப்பட்ட சொற்களைத் தானே வீட்டில் தயாரித்தார். “எங்கட ஆக்கள்” என்று தொடங்கினால், அடுத்து வருவது அந்த நிமிசத்தில் பிறந்தது என்று வையுங்கள். எங்கட ஆக்கள் கீரை பறிக்கக்குள்ள ஸலாம் சொல்லுவாங்க. எங்கட ஆக்கள் கோபத்தோட மண்சட்டியத் தொட மாட்டாங்க, தொட்டா கறி கைக்கும். எங்கட ஆக்கள்ல குரக்கன் பிட்டுச் சாப்பிட்டவன் பொய் சொல்லுறதில்ல.

இந்தக் கடைசிக் கதையை மொழிபெயர்க்க முந்தி மகள் மெதுவாகக் கேட்டாள். “பெரிய வாப்பா, ராத்திரி நீங்க குரக்கன் பிட்டுத்தானே சாப்பிட்டீங்க?”

“அத ஒண்டும் இங்கிலீசில சொல்ல வேணாம்” என்றார்.

எங்கள் வீட்டில் நிசமாகவே ஒரு வழக்கம் இருந்தது. சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணத்தில் உப்புச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்போம். மச்சானும் அதைச் சின்ன வயசிலிருந்து விடாமல் செய்கிறவர். ஆனால் வந்தவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தான் பெறாத பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச அவருக்கு மனசில்லை.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன்.

தோட்டம் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருந்தால் ‘ஹொந்தாய்’, நல்லது, என்று விடுதிக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். மறு கிழமை மோட்டர் வந்தது. பூவாளி ரெண்டும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போயின. காலை முதல் மாலை வரை தண்ணீர் பாய்ந்தது. பாத்திகள் ரெண்டு மடங்காயின. வைகாசி கழிந்து காற்றுக் கிளம்பியதும் கிணற்றில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. உடனே மச்சான் கிணறு வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, அடியை ஆழமாக்கி இன்னும் ரெண்டு கொங்கிரீட் ரிங் இறக்கச் சொன்னார்.

இங்கே ஆழம் என்பது என்னவென்று ஊரில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. அந்த மிதப்பை மெதுவாக வழித்துக் குடித்துத்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

கிணறு வெட்டுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். “ஹாஜியார், இந்த மண்ணுல கெணத்துக்கு வயிறு வைக்கலாம், கால் வைக்கேலாது. அகலமாக்கச் சொல்லுங்க, ஆக்கித் தாறன். தள்ளி இன்னொண்டு வெட்டச் சொல்லுங்க, வெட்டித் தாறன். கீழ போகாதீங்க. கீழ இரிக்கிறவன் உப்பன்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பே சிரித்தது. வயிறு வைக்கலாம், கால் வைக்கேலாது. இதைத்தான் நான் சொல் என்பேன். முப்பது வருசம் கிணற்றுக்குள் நின்ற மனிதனின் வாயிலிருந்து வருவது.

“மச்சான், அவர் சொல்றதக் கேளுங்களேன்” என்றேன்.

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. “எங்கட ஆக்கள் ஆழமாத்தான் தேடுவாங்க. மேலால நிண்டு அள்ளுறது வந்தாக்கள்ட வேல” என்றார்.

வந்தாக்கள் என்றால் நான். பிறந்தது மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு, உம்மாவின் கையைப் பிடித்து வந்து, கரைத்தீவுப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். கல்யாணம் முடித்து இந்த வளவுக்கு வந்து இருபத்து மூன்று வருசமாகிறது. இந்த மணலைக் கறுப்பாக்கியது என் ரெண்டு கை. வாதத்தில் தோற்கிற நாளில் மட்டும் மச்சானுக்கு நான் எங்கிருந்து வந்தேன் என்பது ஞாபகம் வரும்.

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். ராத்தலுக்கு அரை ராத்தல் குறையாத நல்லவர். எங்கள் ஊரில் வாய் திறக்காதவருக்கு வைத்திருக்கிற பெயர் நல்லவர். “நானாட மொகத்துக்கு நேர நான் எப்பிடிப் புள்ள சொல்லுற?” என்றார் பிறகு. நானாவின் முதுகுக்கு நேரேயும் அவர் சொன்னதில்லை.

ரெண்டு ரிங் இறங்கியது. தண்ணீர் மேலே வந்தது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு மச்சான் என்னைக் கூப்பிட்டார். “பாத்தியா தங்கச்சி? கால் வச்சதும் கெணறு ஓடுது!”

மூன்றாம் கிழமை பருப்பு வேகவில்லை.

சட்டி கொதிக்கிறது, பருப்பு சரளைக்கல்லாக உருளுகிறது. ஒரு மணித்தியாலம் விறகு போனது. அகப்பையால் அமத்தினால் நழுவி ஓடுகிறது. பருப்பு வேகாத தண்ணீரை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். கொட்டிலில் வளர்ந்த காலம் முழுக்க அதைத்தான் தின்றேன். என் நாக்கு உப்புக் கிணற்றில் வளர்ந்த நாக்கு. கொஞ்சம் அள்ளி வாயில் வைத்தேன். மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

“பருப்பு பழசு” என்றார் மச்சான்.

புதுப் பருப்பு வாங்கிப் போட்டேன்.

“வெறகு ஈரம்.”

விறகை வெயிலில் காயப்போட்டு எரித்தேன்.

“ஒனக்கு அவசரம். எங்கட ஆக்கள் பருப்ப அவசரப்படுத்துறதில்ல.”

அடுத்த கிழமை சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. தேத்தண்ணி மை போலக் கறுத்தது. தேசி மரத்தின் இலைகள் ஓரத்தில் நெருப்பு வைத்தது போலக் கருகின. மச்சான் சவர்க்காரத்தையும் தேயிலையையும் பழி சொன்னார். தேசி மரத்துக்குக் கண்ணூறு என்றார்.

கிணறு வெட்டுகிறவரை நானே ஆளனுப்பிக் கூப்பிட்டேன். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்பினார். “உப்பன் ஏறிட்டான் புள்ள. ஆனா இன்னும் பாய் விரிக்கல்ல. மோட்டர நிப்பாட்டி, அடிய களியும் மணலும் போட்டு அடைச்சு, மாரி மழ வரைக்கும் கெணத்தப் படுக்க விடுங்க. பொழைக்கும். இன்னும் ஒரு மாசம் இந்த மோட்டர் ஓடினா என்னக் கூப்பிடாதீங்க, நான் வந்து வேலையில்ல.”

ஒரு மாதம். மச்சானிடம் அப்படியே சொன்னேன். மோட்டரை நிறுத்தினால் பச்சை போய்விடும், பச்சை போனால் விடுதிக்காரர் போய்விடுவார், விடுதிக்காரர் போனால் “எங்கட ஆக்கள்” கதையை யாரிடம் சொல்வது? அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. அவர் சொன்னது வேறு. “வாறவங்களுக்கு பில்டர் தண்ணிய கூசாவுல ஊத்து. மண் கூசா, குளிர்ச்சியா இரிக்கும். ஆருக்குத் தெரியப் போகுது?”

அன்றிலிருந்து பாலாவியிலிருந்து லொறியில் வரும் கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிணற்றைப் புகழ்ந்தார். வந்தவர்கள் கண்ணை மூடி ருசித்தார்கள். ஒரு கொழும்பு அம்மா, இந்த மாதிரித் தண்ணீரை வாழ்நாளில் குடிக்கவில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். கொழும்பில் அதே கேன் மாடி மாடியாக ஏறுகிறது.

கூசாவில் ஊற்றியது யார்? நான். வந்தவர்களுக்குப் பருப்பைக் கூட அந்தக் கேன் தண்ணீரில்தான் வேக வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் சரளைக்கல். மற்றவர்களுக்கெல்லாம் இங்கே பழியைப் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். என் பங்கையும் சட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், கழுவி ஊற்றவில்லை.

மூன்று கிழமை அப்படிப் போனது. அந்த நாள் காலையில் மச்சான் குசினிப் பக்கம் வந்து, பெருநாள் செய்தி சொல்வது போலச் சொன்னார். “ஞாயித்துக்கெழம இன்னும் ரெண்டு ரிங் இறக்கப் போறன். அந்த ஆள் வர மாட்டானாம், வேற ஆள் புடிச்சிட்டன். உப்பு நடுவுலதான் தங்கச்சி. அதத் தாண்டிட்டா கீழ இளனி.”

உப்பு நடுவிலாம். கடலுக்குள் புகுந்து மற்றப் பக்கத்தால் வெளியே வரலாம் என்று நினைக்கிற பூனையைப் போல நின்றார். நான் கூசாவைக் கழுவினேன். கேன் அதன் இடத்தில் இருந்தது. அதைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனேன்.

ஆகவே, கிளாஸ்.

அவர் ஒரு பெரிய வாய் எடுத்தார். ரெண்டு கன்னமும் நிறைந்தன. அங்கேயே நின்றுவிட்டது. கண் முதலில் கிளாஸைப் பார்த்தது, பிறகு கூசாவை, பிறகு என்னை. நான் பார்வையை எடுக்கவில்லை. துப்பினால் விடுதிக்காரருக்கு முன்னால் உண்மை பாயில் விழும், மோட்டர் நிற்கும். விழுங்கினால் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ரிங்.

விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது எனக்குக் குசினி வாசலிலிருந்தே தெரிந்தது.

ஆறு கிளாஸ்கள் ஆறு வாய்களை நோக்கி எழும்பின.

“பொறுங்க! பொறுங்க!” என்று மச்சான் கையை நீட்டி எழும்பினார். குரல் கரகரத்தது. “முதல் தண்ணிய எங்கட ஆக்கள் குடிக்கிறதில்ல. மண்ணுக்குத்தான் குடுப்பாங்க. மண் குடிச்ச பொறகுதான் மனுசன்.”

“நீங்க இப்ப குடிச்சீங்களே?” என்றாள் மகள்.

“அது... மண் சார்பா. சொல்லு மகள், சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஆறு பேரும் பக்தியோடு எழும்பினார்கள். ஒரு வெள்ளைக்காரர் கிளாஸோடு தேசி மரத்தடிக்குப் போய்க் குனிந்தார். மச்சான் பாய்ந்து போய் அவர் முழங்கையைப் பிடித்தார். “மரத்துக்கு வேணாம்! மரத்துக்கு இல்ல! அங்கால, வேலிக்கிட்ட, வெறும் மணலுக்கு.”

வேலியோரம் வரிசையாக நின்று ஊற்றினார்கள். ஒரு பெண் கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தார். விடுதிக்காரரும் கதிரையிலிருந்து எழும்பிப் போய்த் தன் பங்கை ஊற்றினார்.

“எல்லாம் ஊத்தியாச்சா?” என்றார் மச்சான். நெற்றி வியர்த்திருந்தது. மோட்டர் இருந்த பக்கம் பார்த்தார். “முதல் தண்ணி குடுத்தா, அதோட மாரி மழ வரைக்கும் கெணத்த எழுப்புறதில்ல. படுக்க விடுவாங்க, எங்கட ஆக்கள்.”

கிணறு வெட்டுகிறவரின் சொல்லை அப்படியே தூக்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

“எப்ப இருந்து, பெரிய வாப்பா?” மகள் விடவில்லை.

“ஆதியில இருந்து” என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்கு நடந்தார். மோட்டரின் வயரைப் பிடுங்கினார். உறுமல் நின்றதும் கோழிகளின் சத்தம் திரும்பக் கேட்டது. வயரைச் சுருட்டி, மாப்பிள்ளை மாலை போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தார். என் கணவர் உப்புக் கிண்ணத்தைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். மச்சான் அதைத் தொடாமல், ஒரு விரலால் அடுத்தவரின் பக்கம் தள்ளிவிட்டார்.